ஆறு நிமிஷத்தில் வந்த சரி

மணி தாமதமாக அடிக்கிறது என்பதற்காகத் துப்பறிய ஆள் கூப்பிட்ட கம்பெனியைத் தம்பி அதுவரை கேள்விப்பட்டதில்லை. கொலை இல்லை, கொள்ளை இல்லை, காணாமல் போன கணவன்கூட இல்லை. வெறும் மணி.

"நம்ம மார்க்கெட் விழுந்துபோச்சு அண்ணி," என்றான் லிஃப்டில். "அடுத்த வாரம் கடிகாரம் மெதுவா ஓடுதுன்னு யாராவது கூப்பிடுவாங்க. போய் ரெண்டு முள்ளையும் தனித்தனியா நிக்க வெச்சு விசாரிப்போம்."

"பெரிய முள்ளை நீங்க விசாரிங்க தம்பி. நீங்க ஜோக்கு சொன்னாலே அது உண்மையைக் கக்கிடும், தாங்காம," என்றாள் அண்ணி, கழுத்தில் மாட்டிய விருந்தினர் அட்டையை நேராக்கிக்கொண்டே.

மரியாதை குறையாமல் திட்டுவதில் அண்ணிக்கு நிகர் அண்ணிதான். அண்ணன் பெண்டாட்டியாக வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளில் அவள் வைத்த 'தம்பி' என்ற பெயர், நாற்பத்தொரு வயசாகியும் அவனை விட்டுப் போகவில்லை. இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கிடங்கில் சோதனை அதிகாரியாக இருந்தவள் அண்ணி. லேபிளில் என்ன எழுதியிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே கண் பழகியவள். அந்தக் கண்ணை நம்பித்தான் ஓய்வு பெற்றதும் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். அவனோ கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையை மூடிவிட்டுச் சும்மா இருந்தான். சும்மா இருக்கிற கொழுந்தனை அண்ணி சும்மா விடுவாளா?

மூன்றாவது மாடியில் மேனேஜர் காத்திருந்தார். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"ஆஸ்பத்திரிக்கு மணிப்பெட்டி செய்யறோம் மேடம். படுக்கையில இருக்கறவங்க பட்டனை அழுத்தினா நர்ஸ் மேஜையில இருக்கற பெட்டி அடிக்கணும். எந்தப் படுக்கைன்னு நம்பர் காட்டணும். புதுப் பெட்டி மூணு செஞ்சு மூணு வார்டுல வெச்சோம். சில நேரம் உடனே அடிக்குது. சில நேரம் முப்பது செகண்ட், நாப்பது செகண்ட் கழிச்சு அடிக்குது."

"நாப்பது செகண்டுதானே சார்?" என்றான் தம்பி. "எங்க அண்ணன் வாசல் மணிக்கு எழுந்து வர அதைவிட நேரம் எடுத்துப்பார்."

"மூச்சு வாங்கிட்டுப் படுத்திருக்கறவருக்கு நாப்பது செகண்டுன்னா எவ்வளவுன்னு அவரைத்தான் கேக்கணும். ஒரு பெரியவர் அழுத்திப் பார்த்துட்டு, யாரும் வரலைன்னு தானே எழுந்து விழுந்திருக்கார். முட்டியில அடி. அதோட போச்சேன்னு இருக்கோம்."

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பெட்டிக்குள்ள ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கு," மேனேஜர் தொடர்ந்தார். "அதுக்குள்ள இருநூறு சாஃப்ட்வேர் பேக்கேஜ். நூத்தித் தொண்ணூத்தொம்பது பழசு. ஒண்ணு மட்டும் போன மாசம் வெளியிலிருந்து வந்தது. கொண்டுவந்தது எங்க பொண்ணு ஒருத்தி. நாலு மணிக்கு டைரக்டர் வர்றார். அவளை வீட்டுக்கு அனுப்பற லெட்டர் டைப் ஆயிடுச்சு, கையெழுத்துதான் பாக்கி."

"எல்லாம் முடிவாயிடுச்சே, அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றாள் அண்ணி.

மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவதான் கேட்டா. 'நான் தப்புப் பண்ணியிருந்தா, என்ன தப்புன்னாவது சொல்லிட்டு அனுப்புங்க'ன்னா."

சுவரில் மணி இரண்டு இருபது.

★

அந்தப் பெண்ணை ஆபீஸில் எல்லோரும் கடுகு என்றுதான் கூப்பிட்டார்கள். நின்றால் தம்பியின் சட்டைப்பை வரைக்கும் வருவாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள், அவ்வளவு அவசரமாகக் கழுவியதில் நெற்றி முடி இன்னும் ஈரம்.

அவள் மேஜையில் இரண்டு பெட்டி இருந்தது. முதல் பெட்டியின் பட்டனை அழுத்தினாள். டிங். இரண்டாவதை அழுத்தினாள். ஒன்றுமில்லை. தம்பி கொட்டாவி விட்டு முடித்தபிறகும் ஒன்றுமில்லை. பிறகு, டிங்.

"ரெண்டுலயும் அதே பேக்கேஜ்தான் மேடம். முதல் பெட்டிக்குள்ள இருக்கறது என் மெஷின்ல செஞ்சது. ரெண்டாவது, பின் ரூம் மெஷின்ல செஞ்சது. ஆஸ்பத்திரிக்குப் போறதெல்லாம் அங்கதான் செய்வோம்."

"ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. ஒண்ணு சமர்த்து, ஒண்ணு சோம்பேறி," என்றான் தம்பி. "எங்க வீட்டுலயும் அதேதான்மா. சமர்த்து அண்ணியைக் கட்டிக்கிச்சு."

கடுகு சிரிக்கவில்லை. ஆனால் உதட்டோரம் கொஞ்சம் இளகியது.

"செய்யறதுன்னா எப்படிச் செய்வீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்றாள் அண்ணி.

"வெளியில யாரோ எழுதி வெச்ச பேக்கேஜை எடுத்துப்போம். அதுக்கு நான் ஒரு செய்முறைத் தாள் எழுதணும். எங்கிருந்து எடுக்கணும், அதோட ரேகை நம்பர் என்ன, அதைச் செய்யறதுக்கு முன்னாடி வேற எந்தெந்தப் பேக்கேஜ் தயாரா இருக்கணும், எல்லாம் அதுல இருக்கும். மெஷின் தாளைப் படிச்சு ஒவ்வொண்ணா செய்யும்."

"வழியில எவனாவது சரக்கைப் பிரிச்சுக் கலப்படம் பண்ணியிருந்தா?"

"ரேகை நம்பர் மாறிடும். நூறு தடவை பார்த்துட்டேன் மேடம். மாறவே இல்லை."

ஒரே சரக்கு, ஒரே செய்முறை. ஒன்று ஒழுங்காக அடிக்கிறது, ஒன்று அடம் பிடிக்கிறது. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸுகளின் குறிப்பேட்டைப் புரட்டினாள். கடுப்பில் எழுதிய எழுத்து. 'நாலு, ஏழு, பன்னிரண்டு, மூன்றும் சேர்ந்தாற்போல் அடித்தது. எதற்கு முதலில் ஓடுவது?' அடுத்த பக்கத்திலும் அதே புலம்பல். ஒன்பதும் பதினெட்டும் ஒன்றாக அடித்ததாம்.

"தம்பி, அந்தச் சோம்பேறிப் பெட்டியை அழுத்துங்க."

அழுத்தினான். அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது செகண்டில் அடித்தது.

"இன்னொரு தடவை."

உடனே அழுத்தினான். இந்தத் தடவை உயிர் போய்விட்டது போல இருந்தது. ஐம்பத்தேழு செகண்ட்.

"இன்னும் ஒரு தடவை. இப்ப இல்ல, நான் சொல்லும்போது. ம்."

மூன்றே செகண்டில் அடித்தது.

"அண்ணி, இதுக்கு மனநிலை சரியில்ல."

"சரியாத்தான் இருக்கு. மூணு தடவையும் செகண்ட் முள் பன்னிரண்டைத் தொட்டபோதுதான் அடிச்சுது. இது லேட்டாவே வரல தம்பி, பஸ் மாதிரி வருது. நீங்க எப்ப ஸ்டாப்புக்கு வந்து நின்னாலும் அது தன் நேரத்துக்குத்தான் வரும். ஒரு நிமிஷத்துக்குள்ள மூணு பேர் அழுத்தினா மூணு பேரையும் ஒண்ணா ஏத்திக்கிட்டு வருது." அண்ணி குறிப்பேட்டை மூடினாள். "கெட்டுப்போன சாமான் இவ்வளவு ஒழுங்கா கெட்டுப்போகாது. நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தா போதும்னு உள்ளுக்குள்ள ஏதோ முடிவு பண்ணியிருக்கு."

கடுகு வாயைப் பிளந்தாள். மூன்று நாளாக எத்தனை செகண்ட் தாமதம் என்று கணக்கெடுத்தவள், எப்போது அடிக்கிறது என்று பார்க்கவே இல்லை.

"இதை அனுப்பறதுக்கு முன்னாடி யாரும் சோதிக்கலியா?" என்றான் தம்பி.

"சோதிச்சாங்க சார். 'மணி அடித்ததா'ன்னு கட்டம் இருக்கு. 'உடனே அடித்ததா'ன்னு இல்லை."

"அப்படிப் போடு. என் கல்யாணப் பேச்சுலயும் 'மாப்பிள்ளைக்கு வேலை இருக்கா'ன்னுதான் கேட்டாங்க. 'எத்தனை நாளைக்கு'ன்னு கேக்கல."

"உன் தாளைப் படிச்சு ஒப்புதல் கொடுத்தது யாரும்மா?" என்று கேட்டாள் அண்ணி.

"சரி சார்."

"இதுக்கு ஏன் சரிங்கறே? யாருன்னு சொல்லு."

"இல்ல மேடம், அவர் பேரே அதுதான். சரி சார்."

★

எந்தப் புதுப் பேக்கேஜானாலும் அந்த மனிதர் படித்துப் பார்த்து, 'சோதித்தேன், சரி' என்று கீழே தன் பெயரைப் போட்டால்தான் உள்ளே போகும். வாரத்துக்கு நாற்பது போடுவார். அதில் வந்ததுதான் அந்தப் பெயர். மேஜை மேல் ஒரு தூசு கிடையாது, பேனாக்கள்கூட உயர வரிசையில் நின்றன.

மேனேஜர் கொடுத்த பதிவேட்டுத் தாளை அண்ணி அவர் முன்னால் வைத்தாள். "இந்தப் பொண்ணு தாளை அனுப்பினது பன்னிரண்டு இருபதுக்கு. நீங்க சரி போட்டது பன்னிரண்டு இருபத்தாறுக்கு. முழுசா செஞ்சு பார்க்க எவ்வளவு நேரமாகும் சார்?"

"அம்பது நிமிஷம்."

"ஆறு நிமிஷத்துல சோதிச்சேன்னு எழுதியிருக்கீங்களே?"

தம்பிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆசாமி மாட்டிக்கொண்டார், அரை மணியில் கேஸ் முடிந்தது. கடுகுகூடத் தலை நிமிர்ந்தாள்.

சரி சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "பார்க்காம சரி போட்டேன்னு சொல்றீங்களா? பத்தொம்பது வருஷத்துல ஒரு தடவை அப்படிப் போட்டதில்லம்மா நான். உக்காருங்க. உங்க கண்ணு முன்னாலயே செய்யறேன். அன்னிக்குச் செஞ்ச அதே இடம், அதே தாள்."

தட்டினார். திரையில் வரிகள் ஓடின. தம்பி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். சரியாக ஆறு நிமிஷத்தில் முடிந்தது. ஒரு வெற்றுப் பெட்டியில் அதை ஏற்றி, சரி சார் பட்டனை அழுத்தினார்.

டிங். கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. இன்னும் நாலு தடவை அழுத்திக் காட்டினார், நாலும் உடனே.

அண்ணியின் மூக்கு உடைந்ததை இத்தனை கிட்டத்தில் தம்பி பார்த்ததே இல்லை. "தப்பா நினைச்சுட்டேன் சார், மன்னிச்சுக்குங்க," என்றாள். சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவாள், அந்த விஷயத்தில் வீம்பு கிடையாது.

"என் மேஜையில மணி அடிச்சுது," என்றார் சரி சார், இன்னும் கோபம் தணியாமல். "இங்கிருந்து போனப்புறம் என்ன ஆச்சுன்னு என்னைக் கேக்காதீங்க. கை வெச்சவங்களைக் கேளுங்க." பார்வை நேராகக் கடுகு மேல் போய் நின்றது.

கடுகு விறுவிறுவென்று தன் மேஜைக்கு நடந்தாள்.

★

நடைவழியில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் அண்ணி நின்றாள். கையில் தம்ளர், குடிக்கவில்லை. மணி மூன்றாகப் போகிறது.

"விடுங்க அண்ணி. யானைக்கும் அடி சறுக்கும். உங்களைச் சொல்லல, யானையைத்தான் சொன்னேன்."

"தம்பி, வாயை மூடிக்கிட்டு ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டையும் ஒண்ணா எப்படி?"

"அம்பது நிமிஷ வேலை, எப்படி ஆறு நிமிஷத்துல முடியும்?"

"இது ஒரு கேள்வியா? சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றேன்னு வெச்சுக்குங்க. பத்தே நிமிஷத்துல சமையல் ஆயிடுச்சும்பீங்க. காய் காலையிலேயே நறுக்கி ஃப்ரிட்ஜ்ல இருக்கும். முக்கால்வாசி வேலை முன்னாடியே முடிஞ்சிருந்தா எல்லாம் ஆறு நிமிஷம்தான்."

அண்ணி தம்ளரை அப்படியே அவன் கையில் திணித்துவிட்டு நடந்தாள். பாதித் தண்ணீர் அவன் சட்டையில்.

"கடுகு! இந்தப் பேக்கேஜ் நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்க்கும்னு எங்கயாவது எழுதியிருக்கா பாரும்மா. அதைச் செஞ்சவங்க எழுதின குறிப்புல."

கடுகு தேடினாள். நீளமான குறிப்பு, பாதிக்கு மேல் யாரும் படிக்காத வகை. ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இருக்கு மேடம். இன்னொரு சின்னப் பேக்கேஜ் உண்டு, நாங்க உசுப்பின்னு கூப்பிடுவோம். பட்டனை அழுத்தின உடனே மத்ததை உசுப்பி விடறதுதான் அதோட வேலை. உசுப்பி பக்கத்துல இருந்தா எங்க பேக்கேஜ் அதைச் சேர்த்துக்குமாம். இல்லாட்டி..."

"இல்லாட்டி?"

"குறை சொல்லாது. நிக்காது. நிமிஷத்துக்கு ஒரு தடவை தானே எட்டிப் பார்த்துக்குமாம்."

"நல்ல விருந்தாளி," என்றான் தம்பி, சட்டையைப் பிழிந்துகொண்டே. "இருந்தா சாப்பிடும். இல்லாட்டி இல்லைன்னுகூடச் சொல்லாம பட்டினி கிடக்கும்."

"ஆனா உசுப்பி முன்னாடியே தயாரா இருக்கணும்னு முதல் தாள்ல நான் எழுதியிருந்தேனே!"

அண்ணி சட்டென்று திரும்பினாள். "முதல் தாளா? மொத்தம் எத்தனை தாள்?"

"ரெண்டு."

மேனேஜர் கொடுத்த பதிவேட்டில் ஒன்றுதான் இருந்தது.

"அன்னிக்குக் காலையில முதல் தாளை அனுப்பினேன். சார் செஞ்சு பார்த்துட்டு, உசுப்பி வரி தேவையில்ல, எடுத்துடுன்னார். எடுத்துட்டு நானும் செஞ்சு பார்த்தேன், மணி உடனே அடிச்சுது. சரின்னு ரெண்டாவது தாளை அனுப்பினேன். அதான் பன்னிரண்டு இருபது."

"இதை ஏம்மா நீ யார்கிட்டயும் சொல்லல?" என்று தம்பி கத்தியேவிட்டான்.

"அதை எடுத்தப்புறமும் மணி அடிச்சுதே சார்! அதனால அது காரணமா இருக்காதுன்னு விட்டுட்டேன். அவரும் அப்படித்தான் நினைச்சிருப்பார்."

"முதல் தாள்படி செஞ்சபோது உங்க ரெண்டு பேர் மெஷின்லயும் உசுப்பி வந்து உக்காந்துக்கிச்சு," என்றாள் அண்ணி. "வரியை எடுத்தீங்க. உசுப்பி எழுந்து போச்சா? பழைய பாத்திரத்தைக் கழுவாமலே அதுல திரும்பச் செஞ்சீங்க. அடியில ஒட்டிக்கிட்டு இருந்தது ருசி கொடுத்துடுச்சு."

"பின் ரூம் மெஷின்..." கடுகு எழுந்துவிட்டாள். "அது ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேருந்து செய்யும்."

★

மூன்று நாலுக்கு மறுபடி சரி சார் மேஜை. மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்யவேண்டும் என்று அண்ணி சொன்னதும் அவர் பிடி கொடுக்கவில்லை.

"அம்பது நிமிஷம் வீண்மா. இப்பத்தானே உங்க கண்ணால பார்த்தீங்க?"

"எனக்கு நாலு மணி வரைக்கும் வேற ஜோலி இல்ல சார். தம்பிக்கு அதுக்கப்புறமும் கிடையாது."

பத்தொன்பது வருஷ கௌரவமாயிற்றே. அவர் ஒரு முறை கடுகைப் பார்த்தார், ஒரு முறை திரையைப் பார்த்தார். பிறகு அழித்தார்.

ஐம்பது நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தம்பிக்குத் தெரிந்தது. வரிகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. நூறாவது பேக்கேஜ் தாண்டியபோது மணி மூன்று முப்பது. கடுகு நகத்தைக் கடித்துக் கடித்து விரலுக்கே வந்துவிட்டாள். ஜோக்கு ஒன்று தம்பியின் தொண்டை வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டான்.

அண்ணி மட்டும் சும்மா இருக்கவில்லை. "ரெண்டு தாள் இருக்கும்போது பதிவேட்டுல ஏன் ஒண்ணுதான் இருக்கு?"

"கடைசித் தாள்தான் பதிவாகும் மேடம்," என்றாள் கடுகு. "அதுலயும் முழுசு ஆகாது. தாளை மெயில்லதான் அனுப்புவோம். நடுவுல மூணு கோடு போடுவோம். கோட்டுக்கு மேல இருக்கறது பதிவேட்டுக்கு. கீழ இருக்கறது படிச்சுப் பார்க்கறவருக்கு மட்டும், முன்ன இருந்ததுக்கு என்ன மாத்தினேன், ஏன் மாத்தினேன்னு. உள்ள சேர்க்கும்போது மெஷின் கோட்டோட வெட்டித் தள்ளிடும்."

"எங்க கிடங்குலயும் அப்படித்தான். முத்திரை குத்தின காகிதம் ஃபைலுக்குப் போகும். குண்டூசி குத்தின துண்டுச் சீட்டு குப்பைக்கூடைக்குப் போகும். நான் எப்பவும் முதல்ல கூடையைத்தான் கொட்டிப் பார்ப்பேன். கோட்டுக்குக் கீழ என்ன எழுதினே?"

கடுகு தலையைக் குனிந்தாள். "நான் சொன்னா நம்புவாங்களா மேடம்? என் மெயிலைக் காலையிலேயே பூட்டிட்டாங்க."

இன்னொரு பிரதி யாரிடம் இருக்கும்? யாருக்கு அனுப்பினாளோ அவரிடம். மூன்று பேரும் அதைச் சொல்லாமலே நினைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் சரி சாரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் கழுத்து வேர்வையில் தெரிந்தது. கேட்டால் 'அழிச்சுட்டேன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அண்ணி கேட்கவில்லை.

மூன்று ஐம்பத்துநாலுக்குத் திரை நின்றது. சரி சாரே பெட்டியில் ஏற்றினார், சரி சாரே அழுத்தினார்.

ஒன்றுமில்லை.

அவர் விரலை எடுக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். செகண்ட் முள் ஆறைத் தாண்டியது, ஒன்பதைத் தாண்டியது, பன்னிரண்டைத் தொட்டது. டிங்.

"அடக்கடவுளே," என்றார் சரி சார். சத்தமே இல்லாமல்.

★

நாலு மணிக்குக் கூட்ட அறையில் டைரக்டர் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். முன்னால் அந்த லெட்டர், மேலே மூடி கழற்றிய பேனா. அண்ணி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். டைரக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான். வரியை எடுத்தது இந்தப் பொண்ணுதானே? பதிவேட்டுல அவ பேர்தானே இருக்கு?" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று தம்பி நினைத்துக்கொண்டான். ஆதாரம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, வாயைத் திறக்கவேண்டுமே.

சரி சார் எழுந்து நின்றார். கையில் ஒரு காகிதம். வரும் வழியில் அச்செடுத்திருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை.

"இது அன்னிக்கு நான் இந்தப் பொண்ணுக்கு எழுதினது. 'உசுப்பி வரி தேவையில்லை. எடுத்துவிட்டுச் செய்து பார்த்தேன், மணி அடிக்கிறது. எடுத்துவிடு.'" காகிதத்தைத் திருப்பினார். "இது அவ அனுப்பின ரெண்டாவது தாள். கோட்டுக்குக் கீழ இருக்கறது. 'சார் சொன்னபடி வரியை எடுத்துவிட்டேன். மணி அடிக்கிறது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு தடவை முழுக்க அழித்துவிட்டுச் செய்து பார்க்கமுடியுமா சார்?'" காகிதத்தை மடித்தார். "நான் இதைப் படிக்கவே இல்லை. சாப்பாட்டு நேரம். ஆறு நிமிஷத்துல சரி போட்டுட்டு எழுந்து போயிட்டேன். அப்படி ஒண்ணு சொன்னதே மறந்துபோச்சு. மறந்தது மட்டுமில்லாம இன்னிக்குப் பழியையும் அவ மேல போட்டேன்."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது, அவனுக்கே ஆச்சரியம்.

மேனேஜர் முதலில் சுதாரித்தார். லெட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப... லெட்டர்ல பேரை மட்டும் மாத்தினா போதும். பத்து நிமிஷத்துல டைப் பண்ணிடலாம்."

"சார்!"

கடுகுதான். அந்த உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய குரல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"மனசு ஒப்பலன்னு எழுதினவ நான். ஒப்பாமலே அனுப்பினவளும் நான்தான். நானே அழிச்சுட்டுச் செஞ்சு பார்த்திருக்கலாம், பார்க்கல. பேரு போடறதுன்னா ரெண்டு பேரையும் போடுங்க. ஆனா அதை அப்புறம் வெச்சுக்கலாமா? அந்த மூணு பெட்டியும் இப்ப எங்க இருக்கு சார்?"

"வார்டுலதான்," என்றார் மேனேஜர்.

"இப்பவும் வார்டுலதான்! யாரோ இப்பவும் அழுத்திட்டுப் படுத்திருக்காங்க. பழைய பெட்டி மூணும் ஸ்டோர் ரூம்ல சும்மா கிடக்கு. அதுல ஒரு கோளாறும் இல்லை. மாட்டறதுக்கு அரை மணி நேரம் போதும். மூணு நாளா ஏன் சார் யாரும் மாட்டல?"

மேனேஜர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் பேனா மூடியைத் தேடினார்.

"ஆதாரம் கலைஞ்சுடும்னு..." மேனேஜர் இழுத்தார். "யார் தப்புன்னு தெரியற வரைக்கும் யாரும் தொடவேண்டாம்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன்."

இரண்டு இருபதிலிருந்து நாலு மணி வரைக்கும் அண்ணி எத்தனை கேள்வி கேட்டிருக்கிறாள். பஸ்ஸைப் பிடித்தாள், பாத்திரத்தைப் பிடித்தாள், குப்பைக்கூடையைக் கொட்டினாள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துத் தம்பிக்கு என்னவோ செய்தது. தானும்தான் கேட்கவில்லை.

கடுகு யார் பதிலுக்கும் நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டோர் ரூம் பக்கம் ஓடினாள். சரி சார் அவள் பின்னாலேயே போனார், வேலை இருக்கிறதா போய்விட்டதா என்றுகூடக் கேட்டுக்கொள்ளாமல்.

"மேடம், உங்க ரிப்போர்ட்..." என்று ஆரம்பித்தார் டைரக்டர்.

"அப்புறம்," என்றாள் அண்ணி. எழுந்துவிட்டாள். "தம்பி, மூணு பெட்டி. அவங்க ரெண்டு பேர்."

தம்பி அதற்குள் கதவருகில் இருந்தான். ஸ்டோர் ரூமில் கடுகு மூன்றாவது பெட்டியைப் பரணிலிருந்து இறக்க எம்பிக்கொண்டிருந்தாள், கை எட்டவில்லை. அவன் எட்டி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நல்ல கனம். லிஃப்ட் வரும் வழியாகத் தெரியவில்லை. நாலு பேரும் படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தார்கள்.